ஞாயிற்றுக்கு ஒரு தோட்டா

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு நடைவழியில் குப்புறப் படுத்திருந்தார். கையில் திரைச்சீலைக் கம்பி. அதன் ஒரு முனை தோளில் இருந்தது. மறுமுனை குளியலறைக் கதவில் ஒட்டியிருந்த கறுப்புப் பொட்டைப் பார்த்திருந்தது. மூச்சை இழுத்தார், பாதியை விட்டார், மீதியை அடக்கிக்கொண்டு நாக்கால் "டிக்" என்று ஒரு சத்தம் போட்டார்.

"ஒன்பது. கொஞ்சம் வலது பக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

துண்டும் கையுமாக நின்றிருந்த அவர் மனைவி, "நான் குளிக்கப் போகணும். சுட்டுடாதீங்க" என்றாள்.

"போ, போ. காலி."

அவள் அவர் முதுகைத் தாண்டிப் போனாள். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே இன்னும் நான்கு "டிக்" கேட்டது. அதில் ஒன்றுக்குத் தனக்கு எட்டுதான் கொடுத்தார். திரைச்சீலைக் கம்பியில்கூட அந்த மனிதர் தனக்கு வரிசையாகப் பத்துப் பத்தாகப் போட்டுக்கொண்டதில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, பல்செட் செய்யும் பட்டறையில், யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பற்களைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே மேசைமேல் சாய்ந்தார். டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. பற்களுக்குச் சேதமில்லை. மூன்றாம் நாள் அவற்றின் சொந்தக்காரர் அவற்றைப் போட்டுக்கொண்டே துக்கம் விசாரிக்க வந்தார். கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. பாவம், அவருக்குத்தான் வாயைத் திறப்பதா மூடிவைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அவர் உறுப்பினராக இருந்த ரைஃபிள் கிளப், ஊருக்கு வெளியே சிமெண்ட் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. மொத்தம் பதினோரு உறுப்பினர்கள். காகிதத்தில் அச்சடித்த, நடுவில் பட்டால் பத்து மதிப்பெண் தரும் வட்டங்களைத் தவிர அவர்கள் எதையும் சுட்டதில்லை. ஞாயிறு காலை போவார்கள், தடித்த கோட்டைப் போட்டுக்கொண்டு பாயில் படுப்பார்கள், ஆளுக்கு அறுபது தோட்டா சுடுவார்கள், டீ குடித்துவிட்டு வீடு திரும்புவார்கள். தோட்டா கடலை மாதிரிக் கிடைத்த காலம் அது.

பிறகு எங்கோ ஒரு தொழிற்சாலை மூடியது. எங்கோ ஒரு கப்பல் நின்றது. எங்கோ சிலர் நிஜமாகவே சுட ஆரம்பித்திருந்தார்கள். கடைக்காரர் முதலில் பெட்டி பெட்டியாக விற்றதைப் பத்துப் பத்தாக விற்றார். அப்புறம் ஒற்றை ஒற்றையாக, பஞ்சில் சுற்றி. காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தால் இன்னொரு விலை. கடைசியில் ஒரே ஒரு தோட்டாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "இது விக்கிறதுக்கில்ல. பாத்துட்டுப் போங்க, பாக்கக் காசு வேணாம்" என்றார். உறுப்பினர்கள் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்கள்.

இந்த நிலையில்தான் கிளப்பின் வருடாந்தரப் போட்டி. அறுபது தோட்டாவை ஒரே காலையில் சுட்டுத் தீர்க்க யாருக்கும் மனம் வரவில்லை. கூட்டம் போட்டு, ஞாயிற்றுக்கு ஒன்று என்று அறுபது வாரம் சுடுவதென்று முடிவெடுத்தார்கள். கையிருப்பைச் சுரண்டி ஆளுக்கு ஒரு பெட்டி ஒதுக்கினார்கள். பெட்டிக்கு ஐம்பது தோட்டா.

"அறுபது வேணுமே" என்று யாரும் அன்றைக்குக் கேட்கவில்லை. கூட்டத்தில் கணக்கு டீச்சரும் இருந்தார், அவரும் கையைத் தூக்கி ஆதரித்தார் என்பதுதான் பின்னால் எல்லோரையும் குடைந்தது. செயலாளருக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் அவர் ரயில்வேயில் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர். எதுவானாலும் தாமதமாகத்தான் வரும், ஆனால் வந்துவிடும் என்பது அவர் வாழ்நாள் நம்பிக்கை. மீதிப் பத்தும் வந்துவிடும் என்று இருந்துவிட்டார்.

வரவில்லை. ஐம்பதாவது ஞாயிறு முடிந்தபோது பத்துப் பேர் கையிலும் ஒன்றுமில்லை. பல்செட்காரர் ஒருவரிடம் மட்டும், பழைய பெட்டி ஒன்றில் மிச்சம் பிடித்துவைத்த பத்துத் தோட்டா இருந்தது. கிளப் அறையில், அவர் பெயர் ஒட்டிய லாக்கரில், அவருடைய ரைஃபிளுக்குப் பக்கத்தில். அந்த வாரம்தான் அவர் போனார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு செயலாளர் ஒரு கிலோ ஆப்பிளும் ஒரு விதிப்புத்தகமுமாக வீட்டுக்கு வந்தார்.

"ஒரு சின்னச் சங்கடம் மேடம். சார் பேரைப் போட்டியிலேருந்து எடுக்க முடியல."

"ஏன்?"

"விலகுறதுக்குப் படிவம் இருக்கு. போட்டியாளரே கையெழுத்துப் போடணும்."

அவள் அவரையே பார்த்தாள். செயலாளர் ஆப்பிளைப் பார்த்தார்.

"அதனால வாராவாரம் அவர் பேரைப் படிச்சு, பூஜ்ஜியம்னு சொல்ல வேண்டியிருக்கும். நீங்க மனசுல வெச்சுக்கக் கூடாது."

அவள் மனதில் வைத்துக்கொள்ளத்தான் செய்தாள். அடுத்த ஞாயிறு கிளப்புக்கே போய்விட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அந்த இடத்துக்குப் போனது இரண்டே முறை. அங்கே பத்துப் பேர் தடித்த கோட்டும் கையுறையுமாகப் பாயில் படுத்து, தோட்டா இல்லாத துப்பாக்கியால் முக்கால் மணி நேரம் குறிபார்த்து, ஒரே ஒரு முறை விசையை அழுத்தினார்கள். பத்து "டிக்". பிறகு எழுந்து, முதுகைப் பிடித்துவிட்டுக்கொண்டார்கள். செயலாளர், ஆளுக்கொன்றாக இருந்த பதினோரு லேனுக்கும் வரிசையாகப் பூஜ்ஜியம் படித்தார். அவள் கணவருடைய நான்காம் லேனுக்கு வரும்போது மட்டும் குரலைச் சற்றுத் தணித்துக்கொண்டார்.

டீ குடிக்கும்போது கணக்கு டீச்சர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. கிளப்பில் அவருக்கு மூன்றாம் இடம்.

"அக்கா, ஒரு விஷயம் கவனிச்சீங்களா? அம்பதுல அவர் நானூத்தித் தொண்ணூத்தி நாலு. கறிக்கடை அண்ணன் நானூத்தித் தொண்ணூறு. நான் எண்பத்தேழு. இனிமே எல்லாருக்கும் பூஜ்ஜியம்தான்."

"அதனால?"

"அதனால அறுபதாவது வாரமும் அவர்தான் முதல்."

அவள் டீயை வைத்துவிட்டு வாசல் சுவரைப் பார்த்தாள். அங்கே மரப்பலகையில் வெள்ளை எழுத்தில் ஆண்டு வாரியாக வெற்றியாளர் பெயர்கள். கடைசிப் பதினோரு வரியிலும் ஒரே பெயர், கறிக்கடைக்காரருடையது. அதில் ஒன்பது வருடம் அவள் கணவர் இரண்டாவது. இரண்டாவது வந்தவனுக்குப் பலகை கிடையாது. "ஒரு பலகைல ஏற முடியல, இதுல தினம் நடைவழியை வேற அடைச்சுக்கிறீங்க" என்று அவள் எத்தனையோ தடவை அவரைக் குத்திக் காட்டியிருக்கிறாள். அவரும் சிரித்துக்கொண்டே கம்பியை மாட்டப் போயிருக்கிறார். இப்போது அந்தப் பெயர் பலகையில் ஏற வேண்டுமென்று அவளுக்கு வந்த ஆசை, பசி மாதிரி வயிற்றில் உட்கார்ந்துகொண்டது. அதற்கு அவள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் விட்டுப்போன லாக்கர் சாவியை அறுபதாவது வாரம் வரை பர்ஸை விட்டு வெளியே எடுக்கக் கூடாது.

கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒன்றை விட்டால், ஊரில் மிச்சமிருந்த பத்துத் தோட்டாவும் அந்த லாக்கரில்தான் இருந்தன. ஒரே ஒரு தோட்டா கிடைத்தால் போதும், முதல் ஐந்து இடத்தில் இருந்த யாரும் பலகையில் ஏறிவிடலாம். ஆகவே துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மறுபடியும் விசாரிக்க வந்தார்கள்.

"அந்த லாக்கர்ல ஈரம் ஏறும் மேடம். தோட்டாவுக்கு ஈரம் ஆகாது" என்றார் செயலாளர்.

"உங்களுக்கும் ஆகாது. வெளிய தூறுது, தலைல எதையாவது போட்டுக்கிட்டுப் போங்க."

டாக்ஸி ஓட்டும் உறுப்பினர் ஒருவர், பல்செட்காரர் தன் கனவில் வந்து ஒரு தோட்டாவைத் தருவதாகச் சொன்னார் என்றார்.

"எந்த மொழில சொன்னாரு?"

"நம்ம மொழிலதான் மதினி."

"அப்ப எங்கிட்டயும் வந்து சொல்லட்டும். வீடு அவருக்குத் தெரியும்."

கணக்கு டீச்சர் ஒரு முழுத்தாளில் சமன்பாடு எழுதிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் ஆளுக்கொரு தோட்டா கொடுத்தால் யாருக்கும் அநீதியில்லை என்பதற்கு அது நிரூபணம். அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். தாளை வாங்கி, மூன்றாம் வரியில் விட்டுப்போன அடைப்புக்குறியைப் பென்சிலால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தாள். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது.

கறிக்கடைக்காரர் மட்டும் வரவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. மற்றவர்களுக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய ஆள். மலை மாதிரி உடம்பு, பஞ்சு மாதிரி மனசு. இவள் கணவரை "பல்லு" என்றுதான் கூப்பிடுவார். சவ அடக்கத்தன்று கடையை அடைத்துவிட்டு வந்து, வாசலில் கிடந்த எல்லாச் செருப்புகளையும் ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தவர்.

ஐம்பத்தெட்டாவது வாரம் அவரே வந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உன்கிட்டச் சொல்லாமச் செய்ய மனசு வரல. எனக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு."

"என்ன?"

அவர் சட்டைப் பையிலிருந்து பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். கடைக்காரரின் கண்ணாடிப் பெட்டியில் இருந்த அதே தோட்டா. அதற்கு விலையாகக் கடைக்காரர் குடும்பத்துக்கு ஒரு வருடத்துக்குக் கறி போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"ஒரு வருஷமா?"

"ஈரல் தனி."

அவளுக்குக் கோபம் வந்தது. "பதினோரு தடவை ஜெயிச்சாச்சு. இன்னுமாண்ணா ஆசை அடங்கல?"

"ஆசைதான். இல்லேன்னு சொன்னா பொய்." அவர் தோட்டாவை மறுபடி பஞ்சில் சுற்றினார். "தோட்டாவைக் கண்ணால பாத்துட்டேன் தங்கச்சி. அப்புறம் சுடாம இருக்க முடியல. கடைசி ஞாயித்துக்கிழமை சுடலாம்னு இருக்கேன்."

"தள்ளிச் சுடுவீங்களா?"

"வேணும்னேவா? அது என்னால ஆகாது. பல்லு இருந்திருந்தா செருப்பால அடிச்சிருப்பான்."

அடித்திருப்பார்தான். அது அவளுக்கும் தெரியும். திரைச்சீலைக் கம்பிக்கே எட்டுப் போட்டுக்கொண்ட மனிதர். கறிக்கடைக்காரர் போன பிறகு அவள் நடைவழியிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். அவர் சுட்டால் பத்து. பத்து இல்லாவிட்டாலும் ஐந்துக்குக் கீழே போகவே போகாது. பலகையில் பன்னிரண்டாவது வரியும் அவருக்குத்தான்.

செயலாளர் விட்டுப்போயிருந்த விதிப்புத்தகத்தை அன்றைக்குத்தான் எடுத்தாள். தொழில் பழக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்தாள். முதல் இருபது பக்கத்தில் பதினான்கு அச்சுப்பிழை. முப்பத்து நான்காம் விதிக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"ஒரு லேனின் இலக்கில் காணப்படும் துளை, அதைச் சுட்டவர் வேறொருவர் என்று நிரூபிக்கப்படாத வரை, அந்த லேனின் போட்டியாளருக்கே சேரும்."

மூன்று முறை படித்தாள். பிழை ஏதுமில்லை. போட்டியாளர் அங்கே இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. உயிரோடு இருக்க வேண்டும் என்றும் இல்லை.

மறுநாள் செயலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. முப்பது வருடமாக வராத ரயில் நடைமேடைக்குள் நுழைந்த மாதிரி.

"துளை இருக்கணும். யாரு சுட்டதுன்னு தெரியக் கூடாது. அவ்வளவுதானே?" என்றாள்.

"அவ்வளவுதான் மேடம். ஆனா நாங்க பத்துப் பேரும் அங்கதானே இருப்போம். பாத்துடுவோமே."

"சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கங்க."

"எல்லாருமா?"

"லாக்கர்ல பத்துத் தோட்டா இருக்கு. எனக்கு ஒண்ணு போதும். கறிக்கடை அண்ணன்கிட்ட ஒண்ணு இருக்கு. மீதி ஒன்பது பேரு. போட்டி முடிஞ்சதும் ஆளுக்கொண்ணு."

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒன்பது பேரும் ஒரு நிஜத் தோட்டாவுக்காகச் சுவரைப் பார்த்து ஒரு வாரம் நிற்கவும் தயாராக இருந்தார்கள். கறிக்கடைக்காரரிடம் சொன்னபோது அவர் யோசிக்கவேயில்லை. "நியாயந்தானே. பல்லுக்கும் கடைசியா ஒண்ணு வேணும்ல" என்றார்.

சுடுவது யார் என்பதை யாரும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். கணக்கு டீச்சர் மட்டும், யாருக்கும் சொல்லாமல், தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு வந்தார். நடைவழியில் ஜமுக்காளம் விரித்து, இருவரும் மாறி மாறித் திரைச்சீலைக் கம்பியோடு குப்புறப் படுத்தார்கள்.

"மூச்சைப் பாதி விடுங்க. முழுசா இல்ல."

"டிக்" என்றாள் அவள்.

"அக்கா, நாக்குல சத்தம் போடும்போது தோளைத் தூக்குறீங்க."

"அவர் தூக்க மாட்டாரா?"

"மாட்டாரு."

"இப்ப எவ்வளவு?"

டீச்சர் கறுப்புப் பொட்டைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். "குளியலறைக்கு உள்ள போயிருக்கும்."

சனிக்கிழமைக்குள் ஏழு வந்துவிட்டது என்றார் டீச்சர். கறிக்கடைக்காரர் பத்து எடுத்தால் ஐநூறு. இவள் ஏழு எடுத்தால் ஐநூற்றொன்று. ஏழு போதும்.

அறுபதாவது ஞாயிறு. லாக்கரைத் திறந்தாள். டீச்சர் நான்காம் லேன் பாயில் ரைஃபிளை வைத்து, தோட்டாவை ஏற்றிக் கொடுத்துவிட்டு, கடைசி ஆளாகப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்து முதுகுகள். ஒன்பது தடித்த கோட்டு, நடுவில் கறிக்கடைக்காரரின் அகல முதுகு. பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் மாதிரி நின்றிருந்தார்கள். செயலாளர் கண்ணையும் மூடிக்கொண்டிருக்க வேண்டும், "ஆரம்பிக்கலாம்" என்று சுவரிடம் சொன்னார்.

அவள் படுத்தாள். ரைஃபிள் திரைச்சீலைக் கம்பி இல்லை. கனத்தது, குளிர்ந்தது, கன்னம் படும் இடத்தில் மரம் அவர் முகத்துக்குத் தேய்ந்திருந்தது. அவளுடைய முகம் அதில் சரியாக உட்காரவில்லை. குறிபார்க்கும் வளையத்துக்குள் பார்த்தாள். தூரத்தில் வெள்ளைக் காகிதங்கள் பக்கம் பக்கமாகத் தொங்கின. மூச்சை இழுத்தாள். பாதியை விட்டாள். கண்ணில் நீர் முட்டியது. துடைக்கக் கை இல்லை. கறுப்பு வட்டம் ஒன்று நீரில் மிதந்து வளையத்துக்கு நடுவே வந்தது. விசையை அழுத்தினாள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் கூரைக்குக் கீழே கேட்ட முதல் வெடிச்சத்தம். சுவரோரம் யாரோ "ஆகா" என்று மெல்லச் சொன்னார்.

அவள் எழுந்து, பாயைவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். "திரும்பலாம்."

செயலாளர் தொலைநோக்கியில் கண் வைத்தார். வெகு நேரம் வைத்திருந்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி வைத்தார்.

"லேன் நான்கு. பூஜ்ஜியம்."



"லேன் ஐந்து," என்று அவர் தொடர்ந்தார், அவருக்கே நம்பிக்கை இல்லாத குரலில். "ஒன்பது."

ஐந்தாம் லேன் கறிக்கடைக்காரருடையது. அவர் முன்னால் வந்து தொலைநோக்கியில் பார்த்தார். அவருடைய காகிதத்தில், கறுப்பு வட்டத்துக்குள், அழகான ஒரு துளை.

"இது நான் சுட்டதில்ல" என்றார்.

"அதை நிரூபிக்கணும்" என்றார் செயலாளர்.

"என் தோட்டா பைல இருக்குங்க. இந்தா."

"இன்னொண்ணு வெச்சிருந்தீங்களோ என்னமோ. எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க சுவத்தைல்ல பாத்துக்கிட்டிருந்தோம்."

"நானும் சுவத்தைத்தான்யா பாத்துக்கிட்டிருந்தேன்."

"அதைப் பாத்தவங்க யாரு?"

அவள், "நான்தான் சுட்டேன்" என்றாள்.

செயலாளர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. "மேடம் உறுப்பினர் இல்ல. உறுப்பினர் இல்லாதவங்க சுட்டாங்கன்னு எழுதினா கிளப்பை இழுத்துப் பூட்டணும். அதனால நான் அதைக் கேக்கல." பேனாவைத் திறந்தார். "விதி முப்பத்து நாலு. லேன் ஐந்து, நானூத்தித் தொண்ணூத்தொன்பது. முதலிடம். லேன் நான்கு, நானூத்தித் தொண்ணூத்தி நாலு. இரண்டாமிடம்."

கறிக்கடைக்காரர் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடக் கறி, ஈரல் தனி. அந்தத் தோட்டா உள்ளங்கையில் அப்படியே இருந்தது. லேனுக்கு ஒரு ஞாயிற்றுக்கு ஒரு துளைதான். அவர் முறை முடிந்துபோயிருந்தது.

"தங்கச்சி, இந்த ஜெயிப்பை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

"பலகைலதான்" என்றாள். "ஒன்பது சுட்டிருக்கேன்ல. நல்லா எழுதச் சொல்லுங்க."

அவர் அவளை அண்ணாந்து பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

மீதி ஒன்பது தோட்டாவைப் பேசினபடி பிரித்துக் கொடுத்தாள். அவர்கள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, யார் முதலில் சுடுவது, இன்றைக்கே சுடுவதா அடுத்த வாரமா என்று சண்டையைத் தொடங்கினார்கள். காகிதங்களை இழுத்து வரும் மோட்டாரைக் கிளப் மின்கட்டணத்துக்குப் பயந்து எப்போதோ நிறுத்தியிருந்தது. நடந்துதான் போக வேண்டும்.

"நான் எடுத்துட்டு வரேன் அக்கா" என்றார் டீச்சர்.

"வேண்டாம்."

அவள் தனியாக நடந்தாள். தரையில் புல் முளைத்திருந்தது. காலடியை எண்ணிக்கொண்டு போனாள், எழுபத்தொன்று. நான்காம் லேன் காகிதத்தின் மேல் ஓரத்தில் செயலாளரின் கையெழுத்தில் அவர் பெயர் இருந்தது. கீழே வட்டங்கள், ஒரு கீறல்கூட இல்லாமல். கிளிப்பைக் கழற்றி, மடிக்காமல், சுருட்டாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

வரும்போதும் எழுபத்தொன்று.